புது டிஸ்க்கில் பழைய பேடா?

காரின் முன்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டான பிரேக் டிஸ்க்கைப் புதிதாக மாற்றும்போது, அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பழைய பிரேக் பேடையே திரும்பப் போட்டுக்கொள்ளலாமா? பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். போடக்கூடிய சந்தர்ப்பங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் பேடில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் பல நேரம் அப்படித்தான் எடுக்கிறார்கள். பிரேக் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வழக்கமாக இந்தக் கேள்வி தலைகீழாகத்தான் வரும். பேட் தேய்ந்து போயிருக்கும், டிஸ்க் நன்றாக இருக்கும். வார்ப்பிரும்பு டிஸ்க் ஒன்று இரண்டு மூன்று செட் பேடுகளுக்கு ஈடுகொடுக்கும். டிஸ்க் சமமாகவும் போதுமான தடிமனோடும் இருந்தால் அதில் புது பேட் போடுவதில் தவறே இல்லை. புது பேட் தட்டையாக வருகிறது, டிஸ்க்கைவிட மென்மையானது, கொஞ்ச நாளில் டிஸ்க்கின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி தேய்ந்து பொருந்திக்கொள்ளும்.

பேடுக்கு முன்னால் டிஸ்க் போவதற்கு வேறு காரணங்கள் வேண்டும். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காரணம் நன்றாகத் தெரியும். என் மாமனாரின் கார் திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் நிற்கிறது. அவர் வெளிநாட்டில் மகனோடு சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். அந்த மழைக்காலம் முழுவதும் வண்டி நகரவே இல்லை. திரும்பி வந்து எடுத்தபோது ‘டொக்’ என்ற சத்தத்தோடுதான் பேட் டிஸ்க்கை விட்டது. மேலே இருந்த செந்துரு நாலைந்து பிரேக்கில் போய்விட்டது. ஆனால் பேட் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் மட்டும், பேடின் வடிவத்திலேயே, துரு உள்ளே அரித்துக் குழிகள் விட்டிருந்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது பெடல் காலுக்குக் கீழே துடித்தது.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு டிஸ்க்கையும் மாத்திடலாம் சார். பேட்ல இன்னும் பாதிக்கு மேல இருக்கு, அதையே போட்டுக்கலாம். ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்.”

அவர் அனுபவசாலி, நேர்மையானவர். எங்களுக்குப் பணம் மிச்சமாகட்டும் என்றுதான் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஓட்ட ஓட்ட செட் ஆகத்தான் செய்யும். ஆனால் அந்த ‘ஓட்ட ஓட்ட’ நடக்கும் காலத்தில் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே என்ன நடக்கிறது, அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அம்மியும் குழவியும் பல வருஷம் சேர்ந்தே தேய்ந்தவை. அந்தக் குழவியை எடுத்து வேறொரு புது அம்மியில் வைத்தால் எல்லா இடத்திலும் படியாது. இங்கும் அதேதான். பழைய டிஸ்க்கில் ஓடிய பேடின் முகம் அந்த டிஸ்க்கின் அச்சு. டிஸ்க்கில் வட்ட வட்டமாகக் கோடுகள் விழுந்திருந்தால் பேடில் அதற்கு எதிரான மேடுகள் இருக்கும். பேட் தொடாத வெளி விளிம்பில் தேயாமல் நிற்கும் கரையை ஒட்டி, பேடின் ஓரத்தில் ஒரு படி விழுந்திருக்கலாம். பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியான காலிபர் நகர உதவும் பின் (pin) இறுகியிருந்தால் பேட் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் சரிவாகத் தேய்ந்திருக்கும். இப்படிப்பட்ட முகத்தைத் தட்டையான புது டிஸ்க்கில் வைத்தால், அந்த மேடுகள் மட்டும்தான் முதலில் தொடும்.

பள்ளிக்கூட இயற்பியலை நினைவு வைத்திருப்பவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்தது இல்லையே, கொஞ்சம் இடம் மட்டும் தொட்டால் என்ன? நல்ல கேள்வி. மெதுவாகப் போகும்போது அமுக்கிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போவதற்கும் இதுதான் காரணம். மெக்கானிக் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு “பிரேக் நல்லா இருக்கு” என்று சொல்வதும் அதனால்தான். விசை அதேதான், ஆனால் வெப்பம் எங்கே இறங்குகிறது என்பது மாறிவிடுகிறது.

பிரேக்கின் வேலையே வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கும் சின்ன கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுதாக நிறுத்தினால் ஏறக்குறைய 3 லட்சம் ஜூல் வெப்பம் வெளியாகும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் அதில் 70 சதவீதம் அளவுக்கு முன்சக்கரங்கள் ஏற்கின்றன. அதாவது ஒரு முன் டிஸ்க்குக்கு ஒரு லட்சம் ஜூல். 5 கிலோ வார்ப்பிரும்பில் அந்த வெப்பம் சமமாகப் பரவினால் டிஸ்க்கின் சூடு ஒரே நிறுத்தத்தில் சுமார் 40 டிகிரி ஏறும். பேடின் முழு முகமும் படிந்திருந்தால் இது சாதாரண விஷயம். முகத்தில் கால்வாசி மட்டும் தொட்டால் அதே வெப்பம் அந்தக் கால்வாசிப் பட்டைக்குள் இறங்கும். உள்ளே பரவ நேரம் கிடைப்பதற்குள் அந்த இடத்தின் மேற்பரப்பு கொதித்துவிடும்.

பேடைக் கட்டிப் பிடித்திருப்பது பீனாலிக் ரெசின் என்ற பிசின். அது ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சிதைய ஆரம்பிக்கும். அப்போது மேடாக இருக்கும் பகுதி கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியாகிவிடுகிறது. பளபளத்த பேட் சரியாகப் பிடிக்காது, கீச்சென்று கத்தும். மேடு தேய்ந்து சமமாகட்டும் என்று நாம் காத்திருக்கிறோம், அந்த மேடு தேயாமல் இறுகிப்போகிறது. இன்னொரு பக்கம், டிஸ்க்கில் அந்தப் பட்டை மட்டும் திரும்பத் திரும்ப மிக அதிகமாகச் சூடானால் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறி, சிமென்டைட் என்கிற கடினமான புள்ளிகள் உண்டாகும். நீலம் பாய்ந்த திட்டுகளாகச் சில டிஸ்க்குகளில் பார்த்திருப்பீர்கள். லேத்தில் கடைசல் போட்டாலும் அந்தப் புள்ளிகள் முழுதாகப் போகாது. சுற்றியிருக்கும் இரும்பு தேயும், இவை தேயாமல் மேடாக நிற்கும்.

மலைப்பாதையில் இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அதே 1,200 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், 80 கி.மீ. வேகத்திலிருந்து நான்கு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரண்டாவது கியரில் இறங்கினால் இதில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் பிரேக்குக்குத்தான். கால்வாசி முகம் மட்டும் தொடும் பேடோடு அந்தச் சாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. பிரேக் பிடிப்பது என்றால் பேட் டிஸ்க்கைச் சுரண்டுவது என்று நினைக்கிறோம். பாதிதான் அது. நன்றாகப் பழகிய பிரேக்கில், பேடின் பொருளே மிக மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் படிந்திருக்கும். பேடும் அந்தப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிவதில்தான் பிடிமானத்தின் பெரும்பங்கு வருகிறது. புது டிஸ்க்கில் அந்தப் படலம் கிடையாது. முதல் சில நூறு கி.மீ. ஓட்டத்தில் அது சமமாகப் படிய வேண்டும். பேட் அங்கங்கே மட்டும் தொட்டால் படலமும் திட்டுத் திட்டாகத்தான் படியும். படலம் தடித்த இடத்தில் பிடிமானம் அதிகம், அதனால் சூடும் அதிகம், அதனால் இன்னும் படியும். இப்படியே வளர்ந்து, டிஸ்க்கின் தடிமன் ஒரு சுற்றுக்குள் 0.02 மி.மீ. அளவு வேறுபட்டாலே ஸ்டியரிங்கில் உதறல் வந்துவிடலாம். ஒர்க்‌ஷாப் வெர்னியர் அளவுகோல் காட்டும் மிகச் சிறிய அளவே 0.02 மி.மீ.தான். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

“டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு” என்று சொல்லப்படும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்தவையே அல்ல. இப்படிச் சமமில்லாமல் படிந்தவை, சமமில்லாமல் தேய்ந்தவை. புது டிஸ்க் போட்டு ஆறு மாதத்தில் மறுபடி உதறுகிறது, கம்பெனி டிஸ்க் சரியில்லை என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, பேடையும் சேர்த்து மாற்றினீர்களா என்பதுதான்.

பேடின் பிரச்சினை புதிதும் அல்ல. இங்கிலாந்தின் பிர்மிங்காமில் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். டிஸ்க் என்ற யோசனை அன்றே சரியாகத்தான் இருந்தது. அதில் உரசுவதற்குச் செம்பை வைத்தார்கள், அது காதைக் கிழிக்கும் சத்தம் போட்டது, சீக்கிரம் தேய்ந்தும் போனது. ஜாகுவார் சி-டைப் கார் 1953-இல் டிஸ்க் பிரேக்கோடு பிரான்சின் ல மான் 24 மணி நேர கார் பந்தயத்தை ஜெயித்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இடையில் போன அரை நூற்றாண்டில் மாறியவற்றில் முக்கியமானது, டிஸ்க்கோடு உரசும் அந்தப் பொருள்.

சரி, மாமனாரின் காருக்கு வருகிறேன். பேடுகளைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். மெக்கானிக் சொன்னது போலவே 6, 7 மி.மீ. தடிமன் இருந்தது. புதிதாக வரும்போது 10, 11 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான அளவு. அந்த அளவின்படி பார்த்தால் நல்ல பேட்தான். ஸ்டீல் ஸ்கேலை முகத்தின் மேல் குறுக்காக நிறுத்தி, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தோம். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் இரண்டு இடத்தில் தெரிந்தது. அதைக்கூட உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தியிருக்கலாம். ஆனால் பேடைப் பக்கவாட்டில் பார்த்தபோது, பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் நடுவே துரு ஊறி, ஒரு ஓரத்தில் மயிரிழை அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. கடற்காற்றில் நின்ற வண்டிகளில் இது நடக்கும். துரு பருக்கும்போது உராய்வுப் பொருளைத் தகட்டிலிருந்து மெல்ல மெல்லத் தூக்கிவிடும். கடைசியில் ஒரு கடினமான பிரேக்கில் அது பெயர்ந்தே வரலாம். மெக்கானிக் அதை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அவராகவே “வேணாம் சார், புதுசே போட்டுடலாம்” என்றார். மில்லிமீட்டரை மட்டும் அளந்திருந்தால் அந்தப் பேட் திரும்ப வண்டிக்குள் போயிருக்கும்.

செலவையும் பார்த்துவிடலாம். அந்த வண்டிக்கு இரண்டு டிஸ்க்குகள் நான்காயிரத்தை ஒட்டி வந்தன, முன் பேட் செட் ஆயிரத்து ஐந்நூறு. கூலி ஒரே கூலிதான். டிஸ்க்கைக் கழற்ற காலிபரை எடுத்தே ஆக வேண்டும், காலிபரை எடுத்தால் பேட் தானாகக் கைக்கு வந்துவிடும். பழைய பேடையே போட்டால் இன்னும் கொஞ்ச தூரத்தில் அதை மாற்ற மறுபடி கூலி கொடுக்க வேண்டும். மிச்சம் பிடிப்பது அந்த ஆயிரத்து ஐந்நூறைக்கூட அல்ல, பேடில் மீதமிருக்கும் பாதி ஆயுளின் விலையை மட்டும். அதற்காகப் பணயம் வைப்பது நான்காயிரம் ரூபாய் டிஸ்க்கை. டிஸ்க் தயாரிப்பாளர்களும் புது டிஸ்க்கோடு புது பேடையே போடச் சொல்கிறார்கள்.

சென்னையில் இருந்துகொண்டு நல்ல பேட் கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. இங்கே பாடி என்ற பகுதியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் தொடங்கியது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அதே பாடியில் 1974-இல் வந்தது. அம்பத்தூரில் பிரேக் லைனிங் செய்யும் ரானே இருக்கிறது. நாட்டின் பிரேக் தொழில் வளர்ந்த ஊர்களில் சென்னை முக்கியமானது. வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, பக்கத்துத் தெருக் கடையில் வாங்கினாலும் சரி, பில்லோடு, முத்திரை உடையாத பெட்டியில் வாங்குங்கள். பெயர் தெரியாத பேடை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா இல்லையா என்றுகூட உங்களால் சொல்ல முடியாது.

பழைய பேடைப் போடலாம் என்று நான் ஒத்துக்கொள்ளும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பேட் மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் டிஸ்க்கில் விரிசல் விட்டோ, கல் சிக்கிக் கீறியோ மாற்ற வேண்டி வந்துவிட்டது என்றால், கிட்டத்தட்டப் புது பேடைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கும் மனம் வராது. அப்போது நான் பார்ப்பது முகத்தைத்தான். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. நான்கு பேடுகளும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்க வேண்டும். உள்பக்கப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிபர் பின்னையோ, பேடைத் தள்ளும் பிஸ்டனையோ சரிசெய்யாமல் எதைப் போட்டும் பயனில்லை. பளபளப்பு, விரிசல், ஆயில் கறை எதுவும் கூடாது. ஆயில் குடித்த பேடை எதைக் கொண்டு துடைத்தாலும் திரும்பாது. முகத்தில் இரும்புத் துகள்கள் பொதிந்து மின்னினால் அதுவும் வேண்டாம், புது டிஸ்க்கில் முதல் நாளே கோடு போட்டுவிடும்.

இத்தனையும் தேறினால், கெட்டியான கண்ணாடியின் மேல் 80-ஆம் நம்பர் உப்புத்தாளை விரித்து, பேடைக் கையால் எட்டு வடிவில் தேய்த்து மேல்தோலை எடுக்கலாம். கிரைண்டரில் பிடிக்காதீர்கள், அது சமத்தைக் கெடுத்துவிடும். மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டு செய்யுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவது பல ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் நடக்கிறது. அங்கே வேலை செய்யும் பையன்களின் நுரையீரலை நினைத்தாவது நாம் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்புறம், எந்தப் பேட் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று கழற்றும்போதே குறித்துவைத்து அதே இடத்தில் போடுங்கள்.

புதியதோ பழையதோ, பேடை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் டிஸ்க் உட்காரும் ஹப் சுத்தமாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருச் செதிலுக்கு மேல் டிஸ்க்கை வைத்து முடுக்கினால், டிஸ்க் மிக லேசாகச் சாய்ந்து உட்காரும். ஹப்பின் ஓரத்தில் இருக்கும் சாய்வு டிஸ்க்கின் ஓரத்துக்கு வரும்போது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெறும் இரும்பு தெரிய வேண்டும். டிஸ்க் சாயாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கிற ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அதை விடாதீர்கள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். காலிபர் பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான், சக்கர பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ் அந்த ரப்பரை ஊதிப்போகச் செய்துவிடும். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில், ஒரே முறுக்கில் முடுக்கச் சொல்லுங்கள். பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். ஆயில் மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் அதையும் இந்தக் கையோடு மாற்றிவிடலாம். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடுகிறது.

வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை அமுக்கிக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும்.

அப்புறம் பழக்குவது. பேட் பெட்டியில் முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால், அதிகாலையில் வண்டி நடமாட்டம் இல்லாத நேராக இருக்கும் சாலைக்குப் போய், 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, மிதமான அழுத்தத்தில், நிற்காமல் குறைக்க வேண்டும். மறுபடி வேகம் எடுத்து, அரை நிமிஷம் காற்று வாங்கவிட்டு, மறுபடி. எட்டு, பத்து முறை செய்தால் போதும். சூடான டிஸ்க்கைப் பேட் இறுக்கிப் பிடித்தபடி முழுதாக நின்றுவிடக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். நின்றால் அந்த இடத்தில் பேடின் அச்சு படிந்துவிடும். முடிந்ததும் சில கி.மீ. பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். மாமனாரின் வண்டியை நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன் கொண்டுபோய்ப் பழக்கினேன். அந்தத் துடிப்பு போய்விட்டது, பெடல் காலுக்குச் சமமாகக் கேட்கிறது.

அதன் பிறகும் முதல் 300 கி.மீ.க்கு அவசரம் தவிர வேறெதற்கும் கடுமையாக மிதிக்க வேண்டாம். ஊட்டி, வால்பாறை, கொல்லிமலை என்று ஏதாவது பயணம் திட்டத்தில் இருந்தால், அதற்கு முன் அந்த 300 கி.மீ. சமதளத்தில் ஓடி முடிந்திருக்கட்டும்.